துரைக்குப் பக்கத்து அடுப்பு

பாலையடிக் குளக்கட்டால் போகிறவர்கள் எல்லாரும் நடுப்பாதையில்தான் போவார்கள். சுப்பம்மாவும் அப்படித்தான் போவாள், கட்டில் புதைந்து நிற்கிற துரையின் கல்லடி வரும்வரை. கல்லுக்குக் கொஞ்சம் முன்னால் அவளுடைய கால் தானாகப் பாதையை விட்டுச் சரிவில் இறங்கும். புல்லுக்குள் சில அடி நடந்து, கல்லைக் கடந்தபின் மறுபடி ஏறிக்கொள்வாள். தலையில் விறகுக் கட்டு இருந்தாலும் சரி, கையில் உரப்பை இருந்தாலும் சரி, மழை பெய்து சரிவு வழுக்கினாலும் சரி, இதில் மாற்றம் இருந்ததில்லை. வருடக்கணக்காக இறங்கி ஏறியதில் அந்த இடத்தில் மட்டும் புல் தேய்ந்து சின்னத் தடம் ஒன்று விழுந்திருந்தது. பார்த்தவர்கள் பாம்புக்குப் பயந்து விலகுகிறாள் என்று நினைத்தார்கள். பாம்பு கிடப்பது புல்லுக்குள்தான் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

சுப்பம்மா பிறந்தது மாத்தளைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். அங்கே துரையின் கார் வரும் சத்தம் கேட்டால் தொழிலாளிகள் ரோட்டை விட்டிறங்கி, ஓரத்து வடிகாலான கானுக்குள் நிற்கவேண்டும். குடை பிடித்திருந்தால் மடக்கவேண்டும். வெள்ளைக்காரத் துரைமார் ஊருக்குப் போன பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. அவர்களுடைய இடத்துக்குக் கறுத்தத் துரை வந்தார். கான் அப்படியே இருந்தது. அவர்களும் இறங்கி நின்றார்கள். கார்ச் சத்தம் கேட்டதும் சுப்பம்மாவின் அம்மா அவளுடைய தோளில் கைவைத்துக் கானுக்குள் அமத்துவாள். அந்தக் கை போய் எத்தனையோ காலம். கால் மட்டும் மறக்கவில்லை.

பாலையடிக் குளம் விசுவமடுவிலிருந்து உள்ளே போகும் கிறவல் ரோட்டின் முடிவில் இருக்கிறது. வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் ஓர் எஞ்சினியர் காட்டுக்குள் உடைந்து கிடந்த பழைய குளத்தைக் கண்டு, கட்டை உயர்த்தி, வாய்க்காலுக்குத் தண்ணீர் விடத் துருசும் வைத்து, வேலை முடிந்த கையோடு காய்ச்சல் கண்டு இங்கேயே செத்துப்போனார் என்பது ஊர்க் கதை. அவருடைய பேரில் துருசடியில் ஒரு கல் நின்றது. எழுத்தெல்லாம் மழையில் கரைந்துவிட்டது. பெயர் தெரியாததால் ஊர்ச்சனம் அவரைக் குளத்துத் துரை என்றே சொல்லும். உள்நாட்டுச் சண்டை முடிந்து கட்டைத் திருத்திக் கிறவல் கொட்டி உயர்த்தியபோது கல் கழுத்தளவு புதைந்து, ஒரு சாண் மட்டும் வெளியே தெரிந்தது.

சிறுபோகத்துக்குத் துருசு திறக்கிற அன்று குளக்கட்டில் பொங்கல் நடக்கும். குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற ஒவ்வொரு வீடும் தன் பானையோடு வரும். துருசடியில் பிள்ளையார். அவருக்குப் பக்கத்தில் துரையின் கல். கல்லைத் தாண்டி முதல் அடுப்பு, வயல் செய்கிற கமக்காரரின் தலைவர் நடராசா வீட்டு அடுப்பு. அங்கிருந்து வரிசை கட்டு நீளத்துக்குப் போய்ப் பாலை மரத்தடியில் முடியும். நெருப்புக்கு ஒரு முறை உண்டு. பிள்ளையாரின் கற்பூரத்திலிருந்து முதல் அடுப்புக்கும், முதல் அடுப்பிலிருந்து அடுத்ததற்கும், இப்படியே அடுப்புக்கு அடுப்பு கைமாறித்தான் போகவேண்டும். நெருப்பு ஓர் அடுப்பைத் தாண்டிப் போனால் அந்தப் போகத்தில் தண்ணீரும் வயலைத் தாண்டிப் போகும் என்று நம்பினார்கள். அன்றைக்குத் தீப்பெட்டியோடு யாரும் குளக்கட்டில் ஏறமாட்டார்கள்.

பானை இல்லாத ஒருவருக்கும் அன்று ஒரு படையல் இலை விழும். அது குளத்துத் துரைக்கு. வெள்ளைக்காரன் தின்கிற ரொட்டியாக ஒரு துண்டுப் பாண், ஒரு சுருட்டு, சீனி போடாத தேத்தண்ணி. துரை சீனியில்லாமல்தான் குடிப்பார் என்று யார் வந்து சொன்னார்களோ தெரியாது. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத்துக்கு வந்த முதல் ஆட்கள் தொடங்கிய வழக்கம் அது. தண்ணீர் தந்தவனைப் பட்டினி போடக்கூடாது என்று நினைத்தார்கள். ஆனால் மாடு தின்கிற சாதிக்காரனுக்கு, அதுவும் காய்ச்சலில் செத்தவனுக்கு, தங்கள் கையால் படைக்க மனம் ஒப்பவில்லை. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தோட்டத்தை விட்டு லொறியேறி ஓடிவந்த சுப்பம்மாவின் குடும்பம் அந்த ஊரில் மிளகாய்த் தோட்டம் கொத்தச் சேர்ந்ததும் இலை போடும் வேலை அவர்களுடைய கைக்குப் போயிற்று.

“துரை உங்கட ஆள்தானே. உங்கட கையால வைச்சால்தான் தின்பார்” என்று நடராசாவின் தகப்பன் பகிடி விட்டார். அம்மா இலை போட்டாள். அம்மாவுக்குப் பிறகு சுப்பம்மா போட்டாள்.

வெள்ளைக்காரன் விசயத்தில் அவளுடைய வீட்டுக்குள்ளேயே ஒற்றுமை இருந்ததில்லை. “நோவுன்னு படுத்தா மருந்து குடுத்தது வெள்ளைக்காரன். நம்மள அடிச்சு வெரட்டுனது யாரு, அவனா?” என்பாள் அம்மா. “மாட்டப் பட்டினி போட்டா உழுவுமா? அதான் மருந்து குடுத்தான்” என்பார் அப்பா. “அவன் போறப்ப எல்லாருக்கும் நாடு கெடச்சிச்சு. நமக்கு இருந்த பிரஜாவுரிமையும் போச்சு. கூட்டியாந்து எறக்கிவிட்டவன் நமக்கு ஒரு வழி சொல்லிட்டுல்ல போயிருக்கணும்?” இரண்டு பேர் சொல்வதும் சரி போலத்தான் சுப்பம்மாவுக்குப் படும். ஆனால் அப்பா சொன்ன இன்னொரு கதை அவள் மனதில் தைத்து நின்றது. பாட்டனுக்குப் பாட்டன் மன்னாரில் தோணியிறங்கி, கோப்பித் தோட்டத்து வேலைக்காகக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்த கதை. கூட நடந்த தம்பி காய்ச்சலில் விழுந்து வழியிலேயே செத்துப்போனான். கங்காணி நிற்கவிடவில்லை. இலைதழைகளை வெட்டி மேலே போட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள்.

அதனால் துரையின் இலையில் பாணை வைக்கும்போது சுப்பம்மா அதை இரண்டாகப் பிய்த்து வைப்பாள். ஏன் பிய்க்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்காதபடியால் அவளும் சொன்னதில்லை.

கூலிக்குப் போன இடத்தில் முத்துலிங்கத்தைக் கண்டாள். கலியாணம் நடந்தது. பிள்ளைகள் பிறந்தார்கள். நடராசாவின் வயலில் நாற்று நட்டாள், களை எடுத்தாள், அரிவு வெட்டினாள். சண்டை வந்தபோது ஊரே ஒரே ரோட்டால் ஓடியது. கடைசியில் செட்டிகுளத்து அகதி முகாமில் நடராசா குடும்பமும் சுப்பம்மா குடும்பமும் பக்கத்துப் பக்கத்துக் கூடாரத்தில் விழுந்தன. நடராசாவின் மனைவி கமலாசனி அப்போது எழும்பவே மாட்டாமல் கிடந்தார். சுப்பம்மாதான் கல்லு மூன்றைத் தேடி அடுப்பு மூட்டி, இரண்டு வீட்டுக்கும் ஒரே பானையில் காய்ச்சினாள். நடராசா கோப்பையை நீட்டி வாங்கித் தின்றார். திரும்பி ஊருக்கு வந்தபிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. பானை மறுபடி வேறு வேறு ஆயிற்று.

பிறகுதான் அதே ஊரில் வயல் வைத்திருந்த ஏரம்புவின் பிள்ளைகள் கனடாவிலிருந்து தங்கள் வயலை விற்கப்போவதாகச் சொன்னார்கள். வாய்க்காலின் கடைசி வயல், தண்ணீர் எல்லாருக்கும் பிறகு வந்து சேருகிற வயல். சுப்பம்மாவும் முத்துலிங்கமும் உள்ளதையெல்லாம் போட்டு அதை வாங்கினார்கள். இப்போது அவர்களும் பாலையடிக் குளத்துக் கமக்காரர். நல்ல நெல்லும் எடுத்தார்கள். வயல் கைக்கு வந்தும் அடுப்பு வரிசையில் இடம் மட்டும் வரவில்லை. பொங்கலன்று எல்லாரும் பானையோடு நிற்க, அவள் பழையபடி பாணும் சுருட்டும் கொண்டுபோய்த் துரைக்கு இலை போட்டுவிட்டு ஒதுங்கி நின்றாள். அடுத்த வருடமும் அப்படியே நின்றபோது, இனி இப்படி நிற்பதில்லை என்று முடிவெடுத்தாள். வரிசையில் தன் வீட்டுப் பானை ஏறவேண்டும். வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

பொங்கலுக்கு முந்திய கூட்டம் கமக்காரர் அமைப்பின் தகரக் கொட்டகையில் நடந்தது. தலைவர் நடராசாதான். சுப்பம்மா முன்கூட்டியே அவரிடம் சொல்லிவைத்திருந்தாள்.

“ஐயா, கூட்டத்தில என்ர அடுப்புக் கதையையும் ஒருக்கா எடுங்கோ.”

“ஓம், ஓம், எடுப்பம்.”

ஆனால் கூட்டம் தொடங்கியதுமே கல்லுக் கதை வந்துவிட்டது. நடராசா எழும்பி, “குளத்துத் துரையின்ர கல்லு தாண்டுபோய்க் கிடக்கு. பார்க்க எனக்கு வெக்கமாக் கிடக்கு. கிண்டி எடுத்து, சீமெந்தில ஒரு மேடை கட்டி, மாபிள் பதிச்சு வைப்பம் எண்டு நினைக்கிறன்” என்றார்.

அவருடைய மகன் ரஜிதன் மல்லாவியில் பள்ளிக்கூட ஆசிரியர். சரித்திரம் படிப்பிக்கிறவன். அவன் பின்வரிசையிலிருந்து, “கிண்டி எடுக்கிறது நல்லது அப்பா. எடுத்தால் திருப்பி வைக்கத் தேவையில்லை” என்றான்.

“என்னடா சொல்லுறாய்?”

“எங்களை அடிமையா வைச்சிருந்தவனுக்கு மாபிளோ? அந்த இடத்தில அப்பப்பாக்கள் காடு வெட்டின நினைவுக்கு ஒரு கல்லு வைப்பம்.”

“உன்னை ஆர் அடிமையா வைச்சிருந்தது? நீ பிறக்க முந்தியே அவன் பெட்டி கட்டிட்டான்.” கொட்டகை சிரித்தது. நடராசா சிரிக்கவில்லை. “உன்ர அப்பப்பா யாழ்ப்பாணத்தில ஒரு பரப்புக் காணியில்லாமல் ஆரோ ஒருத்தரின்ர புகையிலைத் தோட்டத்துக்குத் துலா மிதிச்ச மனுசன். இஞ்ச வந்துதான் தன்ர வயலில தன்ர நெல்லை வெட்டினவர். இந்தத் தண்ணி இல்லாட்டி நீ படிச்சிருக்கவும் மாட்டாய், இப்ப எனக்குப் படிப்பிக்கவும் மாட்டாய்.”

“தண்ணியை மழை தந்தது. குளம் பழைய ராசாக்கள் காலத்துக் குளம். உடைஞ்ச இடத்தை அடைச்சவன் துரை. அதுகும் தன்ர கையாலயோ? மண் சுமந்த கூலியளின்ர பேரில எங்கயாவது கல்லுக் கிடக்கோ?”

“எல்லாற்ற பேரிலயும் கல்லு நடுறதெண்டால் கட்டுக் காணாது, வாத்தியார்” என்றார் ஒருவர். மறுபடி சிரிப்பு.

சுப்பம்மா எழும்பினாள். “ஐயா, என்ர அடுப்பு…”

“பொறு பிள்ளை.”

தகப்பனும் மகனும் விடவில்லை. பாதிச் சனம் தகப்பன் பக்கம், பாதி மகன் பக்கம். துரை நல்லவரா கெட்டவரா என்று அவரை நேரில் கண்டவர்கள் போலச் சண்டை பிடித்தார்கள். துரையின் காருக்காகக் கானுக்குள் இறங்கி நின்ற ஒருத்தி அந்தக் கொட்டகைக்குள் இருக்கிறாள் என்பது யாருடைய ஞாபகத்திலும் இல்லை. சுப்பம்மாவுக்கு அதில் கோபம் வரவில்லை. துரைக்கு இவ்வளவு நேரம் கிடைக்கிறது, தன் பானைக்கு இரண்டு நிமிசம் கிடைக்காதா என்றுதான் நினைத்தாள். மறுபடி எழும்பினாள். இந்த முறை இருக்கவில்லை.

“ஏரம்பர் வீட்டு வயல் இப்ப எங்கட கையில ஐயா. அடுப்பு எங்க?”

“ஏரம்பு வீட்டு அடுப்பு அவையின்ர அடுப்புத்தான். வயலைத்தான் வித்தவை, அடுப்பை விக்கேல்லை. அவையின்ர மச்சாள் அவையின்ர பேரில பொங்கிறா.”

“அப்ப பாலை மரத்துக்கு அங்கால வைக்கட்டோ?”

“அங்கால சரிவு. பானை உருண்டு குளத்துக்கை போகும். பிறகு மீனுக்குத்தான் பொங்கல்.”

“வேற எங்க வைக்க?”

நடராசாவுக்குப் பொறுமை போய்விட்டது. மகனுக்குச் சொல்ல நல்ல பதில் ஒன்று நாக்கில் நின்றது. அதைத் தவறவிட அவருக்கு மனமில்லை. “உனக்கு இடமில்லை எண்டு ஆர் சொன்னது? துரைக்குப் பக்கத்து இடம் எப்பவும் உங்கட இடம்தானே. கொம்மா நிண்ட இடம், நீ நிக்கிற இடம். அதை ஆரும் உன்னட்டப் பறிக்கேல்லை” என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு மகன் பக்கம் திரும்பினார்.

“ஓம் ஐயா. அப்ப சரி” என்றாள் சுப்பம்மா. இருந்துகொண்டாள்.

பக்கத்தில் இருந்த கமலாசனி அவளைத் திரும்பிப் பார்த்தார். இவள் இவ்வளவு கெதியாகச் சரி சொல்லுகிற ஆள் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

வீட்டில் முத்துலிங்கம் கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பினார்.

“ஏன் புள்ள, நமக்கெதுக்கு இந்த வம்பு? முத்தத்துல பொங்குவோம். முத்தத்துல வச்சா அரிசி வேகாதா?”

“முத்தத்துல பொங்கத்தான் வயல் வாங்குனோமா?”

“தொரைக்குப் பக்கத்துல அடுப்பு மூட்டுனா சும்மா இருப்பாரா?”

“எந்தத் தொரை? செத்தவரா, இருக்கிறவரா?”

முத்துலிங்கம் சிரித்துவிட்டார். சிரித்தபிறகு அவரால் மறுக்க முடியாது, அது அவளுக்குத் தெரியும். அவர் போய் வயற்கரையிலிருந்து நல்ல கல்லாக இரண்டு தூக்கி வந்தார். மூன்றாவதற்குத் திரும்பியபோது அவள் தடுத்தாள்.

“ரெண்டு போதும்.”

“ரெண்டு கல்லுல பானை நிக்குமா?”

“மூணாவது அங்க இருக்கு.”

முத்துலிங்கம் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்துவிட்டார்.

பொங்கலன்று விடிந்ததும் சுப்பம்மா புதுப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு குளக்கட்டில் ஏறினாள். பின்னால் முத்துலிங்கம் கல்லும் விறகும் சுமந்து வந்தார். கல்லடி நெருங்கியதும் அவளுடைய வலக்கால் சரிவில் இறங்கிவிட்டது. பானை ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் நின்றாள். காலைப் பார்த்தாள். பிறகு பானையை நேராக்கிக்கொண்டு பாதைக்கு ஏறி, நடுவாலேயே போய்க் கல்லடியில் இருந்தாள்.

இரண்டு கல்லையும் வைத்தாள். சாணளவு வெளியே நின்ற துரையின் கல் மூன்றாவது அடுப்புக் கல்லானது. பானையை ஏற்றி அசைத்துப் பார்த்தாள். ஆடவில்லை. பக்கத்தில் துரையின் இலையையும் வழக்கம்போலப் போட்டு, பாணை இரண்டாகப் பிய்த்து வைத்தாள்.

சனம் வர வர கதை கட்டு நீளத்துக்கும் பரவியது. ரஜிதன்தான் முதலில் சிரித்தான். “அப்பா, உங்கட மாபிள் மேடை வந்திட்டுது. பாருங்கோ.”

நடராசா கிட்ட வந்தார். “சுப்பம்மா, இதென்ன வேலை?”

“நீங்கதானே ஐயா சொன்னனீங்கள், துரைக்குப் பக்கத்து இடம் எங்கட எண்டு. எல்லாரும் கேட்டவை.”

“நான் இலை போடுற இடத்தைச் சொன்னனான்.”

“இலையும் போட்டிருக்கிறன்.”

“துரையின்ர கல்லில பானை வைக்கிறதோ? உபகாரம் செய்தவனுக்குக் கரி பூசுறதோ?”

ஊரில் சுப்பம்மா ஊர்ப் பேச்சுத்தான் பேசுவாள். மனம் கொதித்தால் மட்டும் தோட்டத்துப் பேச்சு வந்துவிடும். இப்போது வந்தது. ஆனால் குரல் உயரவில்லை.

“ஐயா, எங்க பாட்டனுக்குப் பாட்டன் மன்னாருல எறங்கி இப்பிடிக் காட்டு வழியாத்தான் மாத்தளைக்கு நடந்தாரு. உங்க அப்பா இங்க வர்றதுக்கு ரொம்ப முந்தி. கூட வந்த தம்பி காய்ச்சல்ல விழுந்து செத்துப்போனாரு. எல தழையப் போட்டு மூடிட்டு நடந்தாங்க. அவருக்குக் கல்லு இல்ல. இந்தத் தொரையும் அதே காய்ச்சல்ல செத்தவருதான். இத்தன வருசமா நா பாணை ரெண்டாப் பிச்சு வைக்கிறேனே, எதுக்குன்னு யாராச்சும் கேட்டீங்களா? பாதி அந்தத் தம்பிக்கு. தொரை கோவிச்சிருந்தா கொளம் ஒடைஞ்சிருக்கணும். ஒடையல. பங்கு போட்டுத் தின்னு பழகுனவரு, ஒரு பானையத் தாங்கமாட்டாரா?”

நடராசா அந்த இலையைப் பார்த்தார். இரண்டு துண்டுப் பாண் கிடந்தது. இத்தனை பொங்கலிலும் அவர் அதைக் கண்டிருக்கிறார். அதைப் பற்றி ஒருநாளும் நினைத்ததில்லை.

ரஜிதன் உற்சாகமாக முன்னால் வந்தான். “சுப்பம்மாக்கா, நானும் உதைத்தானே சொன்னனான். அந்தச் சனத்துக்குத்தான் கல்லு வேணும். உந்தக் கல்லைக் கிண்டி எடுத்திட்டு…”

“தம்பி, கல்லைக் கிண்டினா என் பானை கவுந்துரும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, காத்து மறைக்குது.”

ரஜிதன் தள்ளி நின்றான்.

பூசாரியார் பிள்ளையாருக்குக் கற்பூரம் காட்டி, காய்ந்த தென்னோலைச் சூளில் நெருப்பை எடுத்துக்கொண்டு திரும்பினார். நடராசா வழக்கம்போலக் கையை நீட்டினார். பூசாரியார் அசையவில்லை.

“இடையில ஒரு அடுப்புக் கிடக்கு நடராசா.”

“அது வரிசை அடுப்பில்லை.”

“கல்லு மூண்டு, பானை ஒண்டு, அரிசி ஊறிக் கிடக்கு. வேற என்னெண்டு சொல்லுறது? தாண்டிக் குடுக்க என்னால ஏலாது. நாளைக்குத் தண்ணி வராட்டி எல்லாரும் என்ர வீட்டுப் படலையடியிலதான் வந்து நிப்பியள்.”

சொல்லிவிட்டுச் சூளை எடுத்துக்கொண்டு நேரே சுப்பம்மாவிடம் போய்க் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் வாங்கி அடுப்புக்குள் வைத்தாள். அடுப்புக்குள் கிடந்த தென்னம்பாளை பிடித்தது. புகை துரையின் கல்லைச் சுற்றி எழும்பியது.

இனி முறைப்படி நெருப்பு அவளுடைய அடுப்பிலிருந்துதான் நடராசாவின் அடுப்புக்குப் போகவேண்டும். நடராசா நெருப்பெடுக்க வைத்திருந்த ஓலையைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு நின்றார். அவர் எடுக்காமல் அடுத்தவர் எடுக்க முடியாது. வரிசை முழுக்கப் பானைகள் குளிர்ந்துபோய் இருந்தன. வெயில் ஏறத் தொடங்கியது. பாலை மரத்தடியிலிருந்து ஒருவர், “என்ன தலைவர், இண்டைக்குப் பச்சையரிசியோ?” என்று கூப்பிட்டுக் கேட்டார். ஒருவரும் நடராசாவுக்காக முன்வந்து பேசவில்லை. சுப்பம்மா விறகைத் தள்ளித் தள்ளி எரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. பாதியில் யாராவது வந்து பானையை இறக்கச் சொன்னால், அடுத்த வருடம் இந்தக் குளக்கட்டில் ஏற அவளால் முடியாது.

கமலாசனி தன் அடுப்படியிலிருந்து எழும்பினார். முழங்கால் நோவோடு மெதுவாக நடந்து வந்து கணவனின் கைக்குள் இருந்த ஓலையைப் பிடுங்கினார்.

“முகாமில இவளின்ர அடுப்புச் சோத்தைத்தானே கோப்பை நீட்டி வாங்கித் தின்னனீங்கள். அப்ப ஆரின்ர வரிசை, ஆரின்ர அடுப்பு எண்டு கேட்டனீங்களோ? நகருங்கோ அங்கால.”

சுப்பம்மாவின் அடுப்பில் ஓலையைப் பிடித்துக் கொளுத்தினார். கொளுத்திக்கொண்டே, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, “ஏனடி, முந்தியே என்னட்ட ஒரு சொல்லுச் சொன்னால் நான் நல்ல காய்ஞ்ச பாளை கொண்டுவந்திருப்பனே” என்றார்.

“சொன்னா நீங்க ஐயாட்டச் சொல்லிருவீங்கம்மா.”

“அதுகும் சரிதான்.”

நெருப்பு நடராசா வீட்டு அடுப்பில் ஏறியது. அங்கிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து மற்றதற்கு. கொஞ்ச நேரத்தில் கட்டு முழுக்கப் புகை. நடராசா தன் அடுப்படியில் போய் இருந்து அரிசி களைந்தார்.

முதலில் மூட்டிய பானை என்பதால் சுப்பம்மாவின் பானைதான் முதலில் பொங்கியது. பால் நுரைத்து எழும்பி, துரையின் கல் இருந்த பக்கமாக வழிந்து, கல்லின் தலையை நனைத்துக்கொண்டு இறங்கியது. ஊருக்கு முன் வாய்விட்டுப் பேசாத முத்துலிங்கம் அன்றைக்கு வாயைத் திறந்தார்.

“தொரையக் குளிப்பாட்டியாச்சு.”

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சுப்பம்மா சர்க்கரையைக் கொட்டிக் கிண்டினாள். முதல் அகப்பையை இலையில், பிய்த்த பாணுக்குப் பக்கத்தில் போட்டாள். நடராசா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய வாயோரம் இளகியது.

“இவ்வளவு காலமும் சீனியில்லாமல் குடிச்ச மனுசன்” என்றார் பொதுவாக. “இண்டைக்குச் சர்க்கரையைக் கண்டு என்ன பாடுபடுகிறாரோ.”

“பழகிருவாரு ஐயா” என்றாள் சுப்பம்மா.

அன்றைக்குத் துருசு திறந்தார்கள். தண்ணீர் முதல் வயலில் தொடங்கிக் கடைசி வயல்வரை போயிற்று.

அதற்குப் பிறகும் பொங்கல்கள் வந்து போய்விட்டன. துரையின் கல்லை யாரும் கிண்டவில்லை, மேடையும் கட்டவில்லை. பொங்கல் அடுப்புக் கல்லை இடம் மாற்றுகிற வழக்கம் பாலையடியில் இல்லை. அதனால் நடராசாவின் மாபிளும் ரஜிதனின் புதுக்கல்லும் பேச்சளவிலேயே நிற்கின்றன. சாப்பிடும்போது தகப்பனும் மகனும் அதைப்பற்றி இன்றும் வாக்குவாதப்படுகிறார்கள் என்று கமலாசனி சொல்கிறார். கல்லின் ஒரு பக்கம் கரி பிடித்துக் கறுத்திருக்கிறது. துரையின் இலையை இப்போது வருடத்துக்கு ஒரு வீடாக முறைவைத்துப் போடுகிறார்கள். கமலாசனியின் முறை வந்தபோது அவரும் பாணை இரண்டாகப் பிய்த்துத்தான் வைத்தார். ஏரம்பு வீட்டு மச்சாள் கனடாக்காரரின் பேரில் இன்னும் பொங்கிக்கொண்டிருக்கிறார். சுப்பம்மாவின் வயலுக்குத் தண்ணீர் இன்னும் கடைசியாகத்தான் வருகிறது.

சுமையோடு அவசரமாக வரும் நாளில் அவளுடைய கால் கல்லடியில் இன்னும் சில வேளை சரிவுக்கு இறங்கும். இறங்கியதும் தெரிந்துகொண்டு ஏறிவிடுவாள். தடம் இருந்த இடத்தில் புல் வந்துவிட்டது. பாலையடிக் குளக்கட்டில் இன்று முதல் அடுப்பு சுப்பம்மா வீட்டு அடுப்பு. நடராசா வீடு இரண்டாவது.